மண்மலையைத் துப்புரவு செய்வது யார்?

பங்காருப்பேட்டையில் பெரிய இருப்புப் பாதையிலிருந்து ஒரு சிறு கிளைப்பாதை பிரிந்து செல்கிறது. கோரமண்டல், ஊர்காம், சாம்பியன் என்னும் நிலையங்களைக் கடந்து அப்பாதை மாரிகுப்பத்தில் முடிவடைகிறது. அதற்கப்பால் வண்டி போவதில்லை. நிலையத்தை விட்டு வெளியே வந்து நிற்போமாயின், நம் கண்ணில் முதலில் படுவன வீடுகளோ கோபுரங்களோ அல்ல. தட்டையான தலையும் மழைநீர் அரித்த பக்கங்களும் கொண்ட சாம்பல் நிற மேடுகளே முதலில் தெரிகின்றன. இயற்கை தந்த குன்றுகள் அல்ல அவை. பூமியின் அடியிலிருந்து மனிதன் வெட்டியெடுத்து, மாவாக அரைத்து, தங்கத்தைப் பிரித்துக்கொண்டு, எஞ்சியதைக் கொட்டிக் குவித்த மண்மேடுகள். தங்கவயல் மக்கள் அவற்றைச் ‘சயனைடு மலை’ என்றே அழைக்கின்றனர்.

இம்மேடுகள் பதின்மூன்று. அவை பரவியுள்ள நிலம் ஏறக்குறைய 1,003 ஏக்கர். அவற்றில் உள்ள மண் சுமார் 3 கோடியே 30 லட்சம் டன். ஒரு நகரத்தின் நடுவே, குடியிருப்புகளை ஒட்டி, இத்தனை பெரிய நிலப்பரப்பு எதற்கும் பயன்படாமல் கிடக்கிறது. பயன்படாமல் கிடப்பதோடு நின்றுவிட்டாலும் பாதகமில்லை. கோடையில் காற்றடிக்கும்போது அதன் துகள் வீடுகளுக்குள் புகுகிறது. மழை பெய்யும்போது கரைந்து தாழ்ந்த இடங்களை நோக்கி ஓடுகிறது. இந்த நிலத்தைத் துப்புரவு செய்து மீண்டும் மனிதர் பயனுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அதற்கான பணத்தை யார் தருவது, எந்த ஒழுங்கில் தருவது என்பதே கேள்வி. அதைப் பற்றியே இங்கு ஆராய விரும்புகிறோம்.

முதலில் மேட்டின் இயல்பை அறிந்துகொள்வோம். தங்கம் பாறையில் மிக நுண்ணிய துணுக்குகளாகக் கலந்திருக்கும். பாறையை மாவாக இடித்து, சயனைடு உப்பு கலந்த நீரில் ஊற வைத்தால், தங்கம் அந்நீரில் கரைந்துவிடும். பின்னர் அந்நீரில் துத்தநாகத்தைச் சேர்த்துத் தங்கத்தை மீட்பர். 1887-இல் ஸ்காத்லாந்தில் கண்டுபிடிக்கப்பட்ட இம்முறை விரைவில் உலகத் தங்கச் சுரங்கங்கள் எங்கும் பரவியது, கோலாருக்கும் வந்தது. தங்கத்தை இழந்த மண் வெளியே கொட்டப்பட்டது. சுரங்கத்தின் ஆயுள் வளர வளர மேடும் வளர்ந்தது.

சயனைடு என்ற பெயரே அச்சம் தருவது. ஆயினும் உண்மையை அளந்து பேசுவது நல்லது. வெயிலும் காற்றும் படும் இடத்தில் சயனைடின் பெரும்பகுதி காலப்போக்கில் சிதைந்துவிடும். இரும்போடு பிணைந்த பகுதியே நெடுங்காலம் தங்கும். இத்தகைய மேடுகளில் நிலைத்து நிற்கும் அபாயங்கள் வேறு. ஒன்று, மாவைப் போன்ற சிலிகாத் துகள். அது நுரையீரலுக்குள் புகுந்தால் வெளியேறுவதில்லை. நாளடைவில் நுரையீரலைக் கல்லாக்கும். மற்றொன்று, பாறையில் உள்ள கந்தகச் சேர்மங்கள். காற்றும் நீரும் பட்டால் அவை அமிலமாக மாறி, மண்ணிலுள்ள ஆர்சனிக் போன்ற விஷப்பொருள்களைக் கரைத்து இழுத்துச் செல்லக்கூடும். சிலிகாவின் கொடுமையைத் தங்கவயல் நன்கு அறியும். 1940 முதல் 1946 வரை இச்சுரங்கங்களில் 7,653 தொழிலாளரைப் பரிசோதித்தபோது, 100-க்கு 40 பேருக்கு மேல் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் கண்டிருந்தது. அன்று சுரங்கத்திற்குள் இருந்த தூசி அது. இன்று அதே பாறையின் தூள் திறந்த வெளியில் கிடக்கிறது.

இம்மேடுகள் யாருடையவை? இக்கேள்விக்கு விடை தேட வரலாற்றைச் சிறிது புரட்ட வேண்டும். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் லண்டன் கம்பெனியார் இங்கு சுரங்கத் தொழிலில் இறங்கினர். வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர் திரள் திரளாக வந்து, கம்பெனி கட்டிய லைன் வீடுகளில் குடியேறினர். 1956-இல் மைசூர் இராச்சிய அரசாங்கம் சுரங்கங்களைத் தனதாக்கிக்கொண்டது. 1962 டிசம்பரில் மத்திய அரசாங்கம் அவற்றை ஏற்றது. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் என்னும் அரசாங்கக் கம்பெனி உருவாயிற்று. 2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கம் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறக்குறைய 800 டன் தங்கம் இங்கிருந்து வெளியேறியதாகக் கணக்கிடுவர். தங்கம் வெளியேறியது, மண் இங்கேயே தங்கிவிட்டது.

இங்கு ஓர் ஆண்டைக் கவனிக்க வேண்டும். சுரங்கம் நடத்துவோர் அதை மூடும் திட்டத்தை முன்கூட்டியே தயாரித்து, நிலத்தைச் சீர்ப்படுத்துவதற்காக ஈட்டுத் தொகையும் கட்ட வேண்டும் என்ற விதி இந்தியாவில் 2003-ஆம் ஆண்டில்தான் வந்தது. தங்கவயல் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே மூடப்பட்டுவிட்டது. எனவே இம்மேடுகளுக்கென எவரும் அவ்விதிப்படி ஈடு கட்டி வைக்கவில்லை. கல்யாணச் செலவுக்கு எடுத்து வைக்காமல் நாள் குறித்துவிட்ட குடும்பத்தின் நிலைமையே இங்கு நேர்ந்தது.

பாழ்பட்ட நிலத்தைத் துப்புரவு செய்ய உலகில் மூன்று வழிகளில் பணம் திரட்டுகின்றனர். அவை ஒவ்வொன்றையும் உதாரணத்தோடு பார்ப்போம்.

முதல் வழி, மாசுபடுத்தியவரே செலவை ஏற்பது. இதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. கொடைக்கானலில் இந்துஸ்தான் யூனிலீவர் கம்பெனியின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பாதரசக் கழிவு வெளிப்பட்டதால், 2001-ஆம் ஆண்டில், தங்கவயல் மூடப்பட்ட அதே ஆண்டில், மூடப்பட்டது. 2003-இல் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு சுமார் 290 டன் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. மண்ணைத் துப்புரவு செய்யும் செலவும் கம்பெனியின் பொறுப்பாயிற்று. ஆயினும் ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று அளவு குறிக்கப்பட்டபோது, அது போதாது என ஆட்சேபம் எழுந்து, வேலை பல ஆண்டுகள் நீண்டது. செலவு செய்பவர் உயிரோடு இருந்தால் மட்டும் போதாது; எவ்வளவு தூய்மை தேவை என்பதையும் முன்னரே தீர்மானிக்க வேண்டும் என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

இரண்டாவது வழி, தொழிலின் மீது வரி விதித்துப் பொது நிதி திரட்டுவது. அமெரிக்காவில் 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இரசாயனத் தொழில், பெட்ரோலியத் தொழில் ஆகியவற்றின் மீது வரி விதித்து, ‘சூப்பர் ஃபண்டு’ என்னும் பெருநிதியை ஏற்படுத்தினர். மாசுபடுத்தியவர் யாரென்று தெரியாத இடங்களையும், அவர் ஓட்டாண்டியாகிவிட்ட இடங்களையும் இந்நிதியால் துப்புரவு செய்தனர். 1995-இல் அவ்வரி காலாவதியாயிற்று. அதன் பின் நிதி சுருங்கியது. பொது வருவாயிலிருந்து ஆண்டுதோறும் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. 2021-க்குப் பின்னரே அவ்வரிகள் மீண்டும் விதிக்கப்பட்டன. நிலையான வருவாய் இல்லாத நிதி, ஊற்று இல்லாத கிணற்றுக்குச் சமம்.

மூன்றாவது வழி, அரசாங்கம் தன் கருவூலத்திலிருந்தே கொடுப்பது. கனடா நாட்டின் வடகோடியில் யெல்லோநைஃப் நகரத்திற்கு அருகே ஜெயன்ட் மைன் என்றொரு தங்கச் சுரங்கம் இருந்தது. அதை நடத்திய கம்பெனி 1999-இல் திவாலாயிற்று. பூமிக்கடியில் 2 லட்சத்து 37 ஆயிரம் டன் ஆர்சனிக் தூள் எஞ்சியது. அதைக் காக்கும் பொறுப்பு அரசாங்கத்தின் தலையில் விழுந்தது. 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, அவ்வேலைக்கு மதிப்பிடப்பட்ட செலவு 438 கோடி கனடா டாலர். நம் நாட்டில் போபால் நகரமும் இத்தகைய உதாரணமே. 1984-இல் விஷவாயு கசிந்த யூனியன் கார்பைடு ஆலையில் கிடந்த கழிவு 337 டன், நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 ஜனவரியில் பீதம்பூருக்குக் கொண்டு செல்லப்பட்டு எரிக்கப்பட்டது. மத்திய அரசாங்கம் அதற்காக 126 கோடி ரூபாய் அளித்தது. எனினும் அவ்வாலையைச் சுற்றியுள்ள மண்ணும் நிலத்தடி நீரும் இன்னும் துப்புரவுக்குக் காத்திருக்கின்றன.

இம்மூன்றில் தங்கவயல் எதைச் சேர்ந்தது? மற்ற இடங்களில் மாசுபடுத்தியவர் ஒருவர், கருவூலம் வேறொருவர். இங்கோ இருவரும் ஒருவரே. மண்ணைக் குவித்த கடைசிக் கம்பெனி அரசாங்கத்தின் கம்பெனி. அதன் சொத்தை அனுபவிப்பதும் அரசாங்கமே. லண்டன் கம்பெனியார் காலத்து மண்ணையும் சுரங்கத்தோடு சேர்த்து ஏற்றுக்கொண்டவரும் அவரே. ஆகவே ‘மாசுபடுத்தியவர் செலுத்துக’ என்றாலும், ‘அரசாங்கம் செலுத்துக’ என்றாலும், தங்கவயலைப் பொறுத்தவரை பொருள் ஒன்றுதான். கடனாளி யார் என்று தேடி அலைய வேண்டிய சிரமம் இங்கு இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்ப்போம். பேத்தமங்கலத்தில் ஏரியாகத் தேங்கித் தங்கவயலுக்குக் குடிநீர் தந்த பாலாறு, கிழக்கே சென்று வேலூர்ச் சீமையில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் கெட்டது. அவ்வழக்கில் 1996 ஆகஸ்டு மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்னும் கோட்பாடு இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று கூறியது. பாதிக்கப்பட்டவருக்கு ஈடு கொடுப்பது மட்டுமன்றி, கெட்டுப்போன இயற்கையைச் சீர்ப்படுத்தும் செலவும் அதில் அடங்கும் என்றும் விளக்கியது.

இதற்கு நடைமுறை வகுக்கும் விதிகளை மத்திய அரசாங்கம் 2025 ஜூலையில் வெளியிட்டது. மாசுபட்டதெனச் சந்தேகிக்கப்படும் இடங்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை தயாரிக்க வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அவற்றை ஆராய வேண்டும். மாசு உறுதியானால் இடத்தை அறிவித்து, மக்கள் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தி, நிபுணரைக் கொண்டு துப்புரவுத் திட்டம் வகுக்க வேண்டும். பொறுப்பாளி செலவை ஏற்க வேண்டும்; அவரால் இயலாவிடின் மத்திய மாநில அரசாங்கங்கள் ஏற்கும். விதிகள் வெளியான காலத்தில் நாடு முழுவதும் இனங்காணப்பட்டிருந்த மாசுபட்ட இடங்கள் 103; துப்புரவு தொடங்கியிருந்தவை ஏழே ஏழு.

தங்கவயலார் இவ்விதிகளில் ஒரு பகுதியைக் கூர்ந்து படிக்க வேண்டும். சுரங்கத் தொழிலால் விளைந்த மாசு பொதுவாக இவ்விதிகளுக்கு உட்படாது. அதற்குத் தனிச் சட்டம் உண்டு என்பது காரணம். ஆனால் ஓர் இடத்தில் விஷப்பொருளின் அளவு விதிகளில் குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால், சுரங்கத்தோடு தொடர்புடைய இடமாயினும் துப்புரவு இவ்விதிகளின்கீழ் வரும். ஆகவே அளவு என்ன என்பதே எல்லாவற்றுக்கும் திறவுகோல். அளக்காத இடத்தில் எல்லை தாண்டியதா என்று எவரும் கூற முடியாது. கூற முடியாத இடத்திற்குப் பணமும் வராது. மாரிகுப்பத்திற்கு அரசாங்கம் ஒதுக்க வேண்டிய முதல் ரூபாய், மண்வெட்டிக்கு அன்று, பரிசோதனைச் சாலைக்கு. மேட்டு மண், தெருப் புழுதி, கிணற்று நீர், ஏரி வண்டல் ஆகிய நான்கையும் கோடையிலும் மழையிலும் தனித்தனியே எடுத்துப் பரிசோதித்து, முடிவைத் தமிழிலும் கன்னடத்திலும் ஊரறிய வெளியிட வேண்டும்.

செலவு பெரிது, வருவாய் இல்லை என்று அரசாங்கம் கூறுவதற்கும் இங்கு இடமில்லை. ஏனெனில் மேட்டிலேயே தங்கம் மிச்சமிருக்கிறது. பழைய முறைகள் எல்லாத் தங்கத்தையும் பிரித்துவிடவில்லை. எஞ்சியது டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவே. ஆயினும் அரை கிராம் என்றே வைத்துக்கொள்வோம். 3 கோடியே 30 லட்சம் டன் மண்ணில் அது 16 டன்னைத் தாண்டும். முழுவதும் கைக்கு வராது. ஆனாலும் பல ஆயிரம் கோடி ரூபாய் பெறுமானமுள்ள பொருள் அது. இதை உத்தேசித்தே மத்திய அரசாங்கம் அப்பதின்மூன்று மேடுகளையும் ஏலம் விடும் யோசனையைக் கொணர்ந்தது; 2024 ஜூன் மாதத்தில் கர்நாடக அமைச்சரவை அதற்கு இசைவளித்தது.

மேட்டைத் திரும்ப அரைத்துத் தங்கம் எடுப்பது புதுமை அன்று. தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் நகரத்தைச் சுற்றிலும் இத்தகைய மேடுகள் நிறைய உண்டு. 1970-களின் இறுதி முதல் அவற்றை நீர்ப் பீரங்கியால் கரைத்து, குழாய் வழியே ஆலைக்கு அனுப்பி, தங்கம் பிரித்து வருகின்றனர். தலையில் திறந்தவெளிச் சினிமாக் கொட்டகையைத் தாங்கி நின்ற ‘டாப் ஸ்டார்’ என்னும் மேடும் இவ்வாறே கரைக்கப்பட்டது. மேடு போன இடத்தில் நகரத்திற்கு நிலம் கிடைக்கிறது. ஆனால் மண் மாயமாய் மறைந்துவிடுவதில்லை. தங்கம் நீங்கிய மண் வேறோர் இடத்தில் புதிய மேடாகக் குவிகிறது. அப்புதிய மேட்டை யார் காப்பது என்ற கேள்வி மீண்டும் எழுகிறது.

ஆகவே ஏல நிபந்தனைகளில் நான்கு செய்திகள் இடம்பெற வேண்டும் என்பது நம் கருத்து.

முதலாவது, லாபம் தரும் மேட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, லாபமற்றதை விட்டுச் செல்ல இடம் தரக்கூடாது. பதின்மூன்றும் ஒரே பொறுப்பாக இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, மீண்டும் அரைத்த மண் எங்கே போகும் என்பதை முதலிலேயே குறிக்க வேண்டும். நீர் கசியாத அடித்தளம், சுற்றிலும் கரை, மேலே களிமண்ணும் வளமண்ணும், அதன் மேல் ஆழ வேரோடும் புல், இவையின்றி ஒரு வண்டி மண்ணும் கொட்டக்கூடாது. வேலை நடக்கும் ஆண்டுகளில் புழுதி இன்றைவிடக் கூடிவிடாதபடி நீர் தெளிப்பதும், புழுதியை நாள்தோறும் அளப்பதும் கட்டாயமாக வேண்டும்.

மூன்றாவது, ஏலப் பணத்தில் ஒரு பங்கைத் துப்புரவுக்கென்றே தனிக் கணக்கில் வைக்க வேண்டும். பொதுக் கருவூலத்தில் விழுந்த பணம் கடலில் பெய்த மழை. மாரிகுப்பத்திற்குத் திரும்பி வராது. 2015-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி சுரங்க மாவட்டங்களில் மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் அமைந்துள்ளன. குத்தகைதாரர் செலுத்தும் பணத்தைச் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கே செலவிடுவது அவற்றின் கடமை. மேடுகளை ஏலம் எடுப்பவரும் அவ்வாறு செலுத்த வேண்டும் என்று எழுதிவிட்டால், நிலையான ஊற்று ஒன்று கிடைக்கும்.

நான்காவது, ஏலம் எடுப்பவர் நடுவில் விட்டுப் போனால் வேலையை முடிக்கப் போதுமான ஈட்டுத் தொகை முன்பணமாக இருத்தல் வேண்டும். 2001-இல் இல்லாத ஏற்பாடு இம்முறையாவது இருக்கட்டும்.

துப்புரவு செய்த நிலத்தை எதற்குப் பயன்படுத்துவது என்பதிலும் எச்சரிக்கை தேவை. அமெரிக்காவில் நயாகரா நீர்வீழ்ச்சிக்கு அருகே லவ் கெனால் என்னும் பழைய கால்வாயில் ஒரு கம்பெனி இரசாயனக் கழிவைப் புதைத்து, மேலே களிமண் மூடி, 1953-இல் அந்நிலத்தை ஒரே ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்திடம் கொடுத்தது. அங்கே பள்ளிக்கூடம் எழுந்தது. சுற்றிலும் வீடுகள் எழுந்தன. 1978-இல் விஷம் வீடுகளின் நிலவறைகளில் ஊறியது தெரிந்து, குடும்பங்களை வெளியேற்ற நேர்ந்தது. மேலே சொன்ன சூப்பர் ஃபண்டு பிறந்ததற்கு அத்துன்பமே முக்கிய காரணம். மூடி வைத்த நிலத்தில் மரம் வளர்க்கலாம். சூரிய ஒளியால் மின்சாரம் எடுக்கும் தகடுகளைப் பரப்பலாம். அஸ்திவாரம் தோண்டும் கட்டடத்திற்கு அது ஏற்றதன்று. மேடு முழுவதும் நீங்கி, அடிமண்ணும் பரிசோதனையில் தேறிய இடத்தில் தொழிற்சாலை வரலாம். குழந்தைகள் மண்ணில் விளையாடும் குடியிருப்புக்கோ எல்லாவற்றிலும் கடுமையான அளவு தேவை. இந்நிலம் இப்பயனுக்கு மட்டுமே என்பதைப் பத்திரத்தில் எழுதி வைத்தல் நன்று. அதிகாரிகள் மாறுவர், பத்திரம் மாறாது.

இறுதியாக, மக்களைப் பற்றி ஒரு வார்த்தை. சுரங்கம் மூடிய பின் தங்கவயலாருள் பலர் நாள்தோறும் மாரிகுப்பம் வண்டியில் பெங்களூருக்குச் சென்று உழைத்துத் திரும்புகின்றனர். விடியுமுன் புறப்பட்டு இருட்டிய பின் வீடு சேர்பவர்கள் அவர்கள். மேட்டோரத்து லைன் வீடுகளில் மூன்று நான்கு தலைமுறையாக வாழும் குடும்பங்களும் உண்டு. நிலம் தூய்மையானால் அதன் விலை உயரும். விலை உயர்ந்த நிலத்தில் ஏழைக்கு இடமில்லாமற் போவது பல நகரங்களில் நடந்த கதை. புழுதியைச் சுவாசித்தவர் ஒருவர், தூய காற்றை அனுபவிப்பவர் வேறொருவர் என்று ஆகிவிடக்கூடாது. குடியிருப்போரின் வீட்டுரிமையைத் தீர்த்த பின்னரே நிலத்தைப் பிறருக்கு வழங்க வேண்டும். துப்புரவு வேலையிலும் அதன்பின் வரும் தொழிலிலும் இவ்வூராருக்கே முதலிடம் தர வேண்டும்.

துப்புரவுக்காக அரசாங்கம் பணம் தருவதைச் சிலர் சலுகை என்று எண்ணுவர். தங்கவயலுக்கு அது பொருந்தாது. 800 டன் தங்கத்தைப் பெற்றுக்கொண்டவர்கள், அதற்காகக் குவித்த மண்ணுக்கும் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். அந்தக் கணக்கின் முதல் வரியை எழுத மலையை அகற்ற வேண்டியதில்லை. ஒரு பிடி மண்ணையும் ஒரு குடம் நீரையும் எடுத்து, அதில் என்ன இருக்கிறதென்று உண்மையாக அளந்து கூறினால் போதும். அவ்வளவை அறியும் உரிமை மாரிகுப்பத்தில் குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் உண்டு. அதை அறிந்த பின் மேலும் கேட்க வேண்டியவற்றை அவர்களே கேட்பார்கள்.